25 கிராமுக்குள் தேடும் கிருமி

பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்பதை மலையகத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பசறைப் பக்கமோ நமுனுகுல மலையடியிலோ லயத்தை ஒட்டிக் கொட்டில் கட்டி ஒன்றிரண்டு கறவை வைத்திருப்பவர்கள், தங்கள் சொந்த மாட்டின் பாலையும் பொங்கவிட்டுத்தான் பிள்ளைகளுக்கு ஊற்றுகிறார்கள். மாட்டுக்குக் காசநோய் இருக்கலாம், புருசெல்லா தொற்று இருக்கலாம், வாளியில் சாணம் தெறித்திருக்கலாம். அடுப்பில் ஒரு கொதி வந்துவிட்டால் அந்தக் கிருமிகள் செத்துவிடும். நம் சமையலறைகளில் பாலின் பாதுகாப்பு ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு கொதியில்தான் நிற்கிறது.

சீஸ் செய்பவருக்கு அந்தக் கொதி கிடையாது. பாலைக் கொதிக்கவிட்டால் அதிலுள்ள மோர்ப்புரதங்கள் குலைந்து கேசீன் என்ற பாற்புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ரென்னட் என்ற உறைநொதியத்தை ஊற்றினாலும் பால் கெட்டியாக உறையாது, சொதசொதவென்று நிற்கும். பன்னீருக்கு இந்தச் சிக்கல் இல்லை. நன்றாகச் சூடாக்கிய பாலில் எலுமிச்சைச் சாறோ வினாகிரியோ விட்டுத் திரிப்பதுதான் அதன் முறை. மொசரெல்லா, ஃபெட்டா, செடார் போன்ற ரென்னட் வகைகள் அப்படியல்ல. அவற்றுக்குப் பாலை 30 பாகை செல்சியஸைச் சற்றுத் தாண்டும் இளஞ்சூட்டில் வைத்துத்தான் உறையவிட வேண்டும். அதற்கு முன்னால் 63 பாகையில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 விநாடி வைத்துப் பாஸ்டர் முறையில் சூடாக்கலாம். அதுவே நோய்க்கிருமிகளைக் கொல்லப் போதுமானது. ஆனால் கொதித்துப் பொங்கும் பாலை யாரும் கண்ணால் பார்த்தே அறிவார்கள், 63 பாகையைக் கண்ணால் அறிய முடியாது. வெப்பமானி பிழையாகக் காட்டினாலும், 30 நிமிடம் 20 ஆகக் குறைந்தாலும், பாலின் நிறமும் மணமும் சுவையும் ஒன்றாகவே இருக்கும். பார்த்தால் தெரியாத இடத்தில்தான் பரிசோதனை தேவைப்படுகிறது.

ஊவா மாகாணத்தில் இது இப்போது பேச வேண்டிய விடயம். தோட்டங்களில் கறக்கும் பாலின் பெரும்பகுதி சேகரிப்பு நிலையங்கள் வழியாகப் பெரிய நிறுவனங்களுக்குப் போகிறது. மொனராகலை மாவட்டத்தில் புத்தளை பக்கம் பெல்வத்த பால் தொழிற்சாலை இருக்கிறது. இன்னொரு பக்கம் எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை ஊர்களில் சுற்றுலாப் பயணிகளை நம்பிய உணவகங்கள் பெருகி, பீட்சாவுக்குச் சீஸ் கேட்கின்றன. 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பொருள்களின் விலை எட்டாமல் போனபோது, உள்ளூரில் செய்தால் என்ன என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. ஒரு கிலோ செடார் சீஸுக்கு ஏறத்தாழ 10 லீட்டர் பால் வேண்டும். பாலாக விற்பதைவிடச் சீஸாக விற்றால் கறவை வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கூடுதலாக ஏதாவது மிஞ்சும். புல்லறுத்து, கொட்டில் கழுவி, கொழுந்துக்கும் போய்விட்டு வரும் பெண்களின் உழைப்பு அது. அதனால் உள்ளூர்ச் சீஸ் வளரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வளரவேண்டும் என்பதால்தான் அதன் பரிசோதனையைப் பற்றிக் கவலைப்படுகிறேன். ஒரு தடவை ஒரு நோய்ப்பரவல் வந்தால், அந்தச் சீஸ் செய்தவர் மட்டுமல்லாமல் அந்தப் பகுதியில் பால் கறக்கும் எல்லோரும் சந்தையை இழப்பார்கள்.

தேட வேண்டிய கிருமிகள் பல. மலத்தோடு வரும் ஈ.கோலை, சால்மனெல்லா, மடியிலிருந்தும் கையிலிருந்தும் வரும் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ், ஈரத்திலும் குளிரிலும் குடியிருக்கும் லிஸ்டீரியா மொனோசைட்டோஜீனஸ் ஆகியவை முக்கியமானவை. இவற்றில் கடைசி இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று நம்முடைய கொதியை ஏமாற்றுகிறது. மற்றது நம்முடைய குளிரை ஏமாற்றுகிறது.

ஸ்டபிலோகொக்கஸ் ஆரோக்கியமான மனிதர் பலரின் மூக்கிலும் தோலிலும் இருக்கிறது. மடிநோய் வந்த மாட்டின் காம்பிலிருந்து பாலுக்குள் நேரடியாக இறங்குகிறது. மாலையில் கறந்த பாலைக் குளிரூட்ட வழியில்லாமல் காலைவரை வைத்திருக்க நேர்ந்தால் அது பெருகும். அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிலீட்டரில் 1,000 ஆக இருந்தது 5 மணி நேரத்தில் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். அந்த அளவு எண்ணிக்கைக்குப் போனால் அது நச்சுப் புரதத்தைப் பாலில் விடுகிறது. பிறகு பாலைச் சூடாக்கினால் கிருமி சாகும், நச்சு சாகாது. அரை மணி நேரம் கொதித்தாலும் அந்த நச்சு தாங்கிக்கொள்ளும்.

ஜப்பான் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2000 மார்ச் 31ஆம் திகதி ஹொக்காய்டோவிலுள்ள ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் தைக்கித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 3 மணி நேரம் மின்சாரம் நின்றது. குளிரூட்டல் இல்லாமல் பால் இளஞ்சூட்டில் கிடந்தது. பிறகு அந்தப் பாலைச் சூடாக்கிப் பால்மாவாக்கினார்கள். அந்த மா ஒசாக்காவுக்குப் போய்க் குறைகொழுப்புப் பாலில் கலந்தது. அந்த ஆண்டு ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் 13,000 பேருக்கு மேல் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று விழுந்தார்கள். கிருமி செத்துப்போயிருந்தது, அதன் நச்சு மட்டும் மாவுக்குள் இருந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை அங்கே எதையும் காட்டாது, நச்சைத் தேடும் தனிச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த நாள்களில் குளிரூட்டும் தாங்கிக்கு மாற்று மின்வழி இல்லாத எந்தப் பால் நிலையமும் ஹொக்காய்டோவின் நிலைக்கு வந்திருக்கலாம்.

மலைக்குளிர் நமக்குச் சாதகம்தானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. 1,400 மீற்றருக்கு மேலே இருக்கும் அப்புத்தளையின் இரவுக் குளிரில் ஸ்டபிலோகொக்கஸ் மெதுவாகத்தான் பெருகும், கீழே புத்தளையின் வெக்கையில் அது விரைந்து ஓடும். ஆனால் குளிரை விரும்பும் எதிரி லிஸ்டீரியா. பிரிட்ஜின் 4 பாகையிலும் அது வளர்கிறது. மற்றக் கிருமிகள் உறங்கும் குளிரில் போட்டியில்லாமல் மெல்ல மெல்லப் பெருகுகிறது. சீஸை ஊறவைக்கும் உப்புநீரையும் தாங்கிக்கொள்கிறது. 1926இல் கேம்பிரிட்ஜில் ஆய்வுக்கூட முயல்களிடம் முதலில் இனங்காணப்பட்ட இந்தக் கிருமி, மனிதருக்கு உணவு வழியாக வருகிறது என்பது 1980களில்தான் உறுதியாயிற்று.

அதை உறுதியாக்கிய நிகழ்ச்சிகளில் முக்கியமானது ஒரு சீஸ் கதை. 1985இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில், மெக்சிக்கோ முறையில் செய்த மென்மையான வெள்ளைச் சீஸை உண்டவர்களில் 142 பேருக்கு லிஸ்டீரியா நோய் கண்டது. அவர்களில் 93 பேர் கர்ப்பிணிகள் அல்லது அவர்களின் சிசுக்கள். 48 உயிர்கள் போயின. அதில் 20 கருவிலேயே இறந்தவை, 10 பிறந்த குழந்தைகள். அங்கே வாழ்ந்த மெக்சிக்கோ வம்சாவளியினர் தங்கள் ஊர்ச்சுவை என்று நம்பி வாங்கிய சீஸ் அது. உறையிட்ட பொதிகளைச் சோதித்தபோது, பாஸ்டர் முறையில் சூடாக்காத பால் அதில் கலந்திருந்தது தெரியவந்தது.

இந்த எண்ணிக்கையை நான் ஒவ்வொரு தடவையும் தோட்டங்களோடு சேர்த்துத்தான் யோசிக்கிறேன். லிஸ்டீரியா தாய்க்குக் கொடுப்பது பெரும்பாலும் இலேசான காய்ச்சலும் உடல் வலியும்தான். நாலு நாளில் அது போய்விடும். கரு கலைந்தபின் காரணம் தேடும்போது, உண்டது என்ன என்று யாருக்கும் நினைவிருக்காது. ஏனென்றால் உண்ட நாளிலிருந்து நோய் வெளிப்பட 70 நாள்வரை ஆகலாம். கருச்சிதைவை விதி என்று ஏற்றுக்கொண்டு மறுவாரமே மலைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதையில், சீஸ் என்ற சொல் எங்கேயும் பதிவாகாமலே போய்விடும்.

ஆய்வுகூடத்தில் இந்தக் கிருமிகளை எப்படித் தேடுகிறார்கள்? முதலில் 25 கிராம் சீஸை நிறுத்து எடுக்கிறார்கள். சீஸ் கொழுப்பும் புரதமும் இறுகிய கட்டி என்பதால் தண்ணீரில் லேசில் கரையாது. எண்ணிக்கை பார்க்கும் சோதனைகளுக்கு, சுமார் 45 பாகைக்கு இளஞ்சூடாக்கிய சோடியம் சிட்ரேட் கரைசலோடு அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, இயந்திரத்தின் இரண்டு தட்டையான துடுப்புகள் பையை மாறி மாறி மிதிக்கும்படி வைக்கிறார்கள். ஓரிரு நிமிடத்தில் கட்டி கரைந்து வெண்மையான கூழாகிவிடும்.

லிஸ்டீரியாவுக்கு வேறு பாதை. 25 கிராமில் ஒன்றிரண்டு கிருமியே இருக்கலாம், அதுவும் உப்பாலும் அமிலத்தாலும் காயப்பட்டுக் கிடக்கலாம். நேரடியாக எண்ணினால் அகப்படாது. அதனால் முதலில் அதற்கு உணவூட்டித் தேற்றுகிறார்கள். 225 மில்லிலீட்டர் அரைவலு ஃபிரேசர் திரவத்தில் ஒரு நாள், முழுவலு ஃபிரேசரில் இன்னொரு நாள். மற்றக் கிருமிகளை அடக்கும் மருந்துகள் அந்தத் திரவத்தில் உண்டு. அதிலுள்ள எஸ்குலின் என்ற பொருளை லிஸ்டீரியா இனங்கள் உடைக்கும்போது, வெளிர்மஞ்சளாக இருந்த திரவம் கறுத்துப்போகும். கறுத்ததாலேயே முடிவு கட்டிவிட முடியாது, கேடில்லாத லிஸ்டீரியாக்களும் அதையே செய்யும். அதிலிருந்து ஒரு கம்பிச் சுருளால் தொட்டு, நிறமூட்டிய அகார்த் தட்டில் கோடிழுக்கிறார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், குண்டூசித் தலையளவு நீலப்பச்சைப் புள்ளிகள் தெரியும். புள்ளியைச் சுற்றிப் பால்போல மங்கலான வளையம் இருந்தால்தான் சந்தேகம் வலுக்கும். வளையமில்லாத நீலப்பச்சை பெரும்பாலும் சாதுவான இனம். பிறகும் உறுதிப்படுத்தும் சோதனைகள் பாக்கி. இல்லை என்று சொல்லவே ஏறக்குறைய 4 நாள், இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஒரு வாரம்வரை ஆகும்.

ஸ்டபிலோகொக்கஸுக்கு வேறு தட்டு. அதில் அது பளபளக்கும் கரும்புள்ளியாக வளர்ந்து, சுற்றிலும் தெளிவான வளையம் விடும். சால்மனெல்லா சிவப்புத் தட்டில் நடுவில் கறுத்த புள்ளியாக வரும். பயிற்சி பெற்ற கண்ணுக்கு இவை முகம் தெரிந்த மனிதர்கள்.

பரிசோதனைச் சீட்டில் கடைசியில் எழுதப்படுவது ஒரே வரி: 25 கிராமில் காணப்படவில்லை. இந்த வரியைப் படிக்கும் முறையில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். அந்த 25 கிராமில் இல்லை என்பதுதான் அதன் பொருள். மற்றப் பொதிகளைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். லிஸ்டீரியா வளரக்கூடிய உணவுகளுக்கு, ஒரு தொகுதியில் 5 மாதிரிகள் எடுத்து ஐந்திலும் காணப்படக் கூடாது என்பது கோடெக்ஸ் என்னும் உலக உணவு நெறி. 100 பொதிகளில் 10இல் கிருமி இருக்கும் ஒரு மோசமான தொகுதியை எடுத்துக்கொள்வோம். 5 பொதிகளைச் சோதித்தால் அது பிடிபட 41 சதவீத வாய்ப்புத்தான். நூற்றில் ஒன்றில்தான் கிருமி என்றால் அந்த வாய்ப்பு வெறும் 5 சதவீதம். நூற்றில் ஒன்று என்ற அளவை 95 சதவீத நிச்சயத்தோடு பிடிக்க 299 பொதிகளைச் சோதிக்க வேண்டும். சோதித்த பொதியை விற்கவும் முடியாது. நாளைக்கு 20 பொதி செய்யும் ஒருவரிடம் இதைக் கேட்பது நியாயமுமில்லை, நடக்கக்கூடியதுமில்லை. புதுச் சீஸ் ஒரு வாரத்தில் தின்று தீர்ந்துவிடும் பண்டம் வேறு. முடிவு கையில் கிடைக்கும்போது சீஸ் வயிற்றுக்குள் போயிருக்கும்.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? வேண்டும். ஆனால் முடிந்த சீஸில் செய்யும் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. காசையும் கவனத்தையும் அதற்கு முந்தைய இடங்களில் போடவேண்டும் என்பது என் திடமான எண்ணம். அந்த இடங்களின் சோதனைகள் மலிவானவை, விரைவானவை, பலவற்றுக்கு ஆய்வுகூடமே தேவையில்லை.

முதல் இடம் கொட்டில். நான்கு சிறு கிண்ணங்கள் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தட்டில் நான்கு காம்பிலிருந்தும் தனித்தனியே சிறிது பால் பீய்ச்சி, சம அளவு சோதனைத் திரவம் விட்டு வட்டமாக ஆட்டுகிறார்கள். திரவம் ஒரு வகைச் சவர்க்காரம்தான். நல்ல பால் தண்ணீராகவே சுழலும். மடிநோய் தொடங்கிய காம்பின் பாலில் வெள்ளணுக்கள் நிறைந்திருக்கும். சவர்க்காரம் அவற்றை உடைத்ததும் உள்ளிருந்த மரபணு நூல்கள் பின்னிக்கொண்டு, பால் சளிபோலத் தடித்து ஒரு கட்டியாக நகரும். அரை நிமிடத்தில் முடிவு தெரியும். மடி வீங்கி, மாடு உதைக்கத் தொடங்குவதற்கு முன்னரே இது சொல்லிவிடும். அந்தக் காம்பின் பாலைப் பிரித்து ஊற்றிவிட்டால் ஸ்டபிலோகொக்கஸின் பெரிய வாசல் ஒன்று அடைபடும்.

இரண்டாவது, பால் உண்மையிலேயே போதிய சூடு கண்டதா என்று பார்க்கும் பாஸ்படேஸ் சோதனை. பச்சைப்பாலில் இயற்கையாகவே பாஸ்படேஸ் என்ற நொதியம் இருக்கிறது. பாலில் வரும் முக்கிய நோய்க்கிருமிகளைக் கொல்லத் தேவையான சூட்டைவிடச் சற்றே கூடுதலான சூட்டில்தான் அது அழியும். இது நமக்கு வாய்த்த பேறு. நொதியம் அழிந்திருந்தால் கிருமியும் அழிந்திருக்கும். 1930களில் இங்கிலாந்தில் உருவான இந்தச் சோதனையின் பிற்கால வடிவத்தில், வினைப்பொருளோடு பாலைக் கலந்து 37 பாகையில் 2 மணி நேரம் வைத்தால், நொதியம் மிச்சமிருந்தால் மஞ்சள் நிறம் வரும். 1,000 லீட்டரில் 5 லீட்டர் பச்சைப்பால் கலந்திருந்தாலும் காட்டிவிடும். லாஸ் ஏஞ்சலிஸில் பச்சைப்பால் கலந்ததைக் காட்டிக்கொடுத்ததும் இதே நொதியம்தான். சிறு சீஸ்க்கூடம் ஒவ்வொன்றிலும் கட்டாயமாக இருக்கவேண்டியது எது என்று கேட்டால், சரிபார்த்த வெப்பமானிக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது அமிலம். எருமைத் தயிரை நாம் காலங்காலமாகச் சட்டியில் வாங்கி உண்கிறோம். நன்றாகப் புளித்த தயிரில் லிஸ்டீரியா வளராது, புளிப்பைக் காட்டும் pH அளவு 4.4க்குக் கீழே போனால் அதனால் பெருக முடியாது. மொசரெல்லாவும் பன்னீரும் அவ்வளவு புளிப்பில்லாதவை, ஈரமும் அதிகம். தயிர் செய்து பழகிய கை அதே நம்பிக்கையோடு மென்சீஸைத் தொடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். pH காட்டும் சிறு கருவி ஒன்று ஒவ்வொரு தொகுதியும் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை நொடியில் சொல்லும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் சூடாக்கிய பிறகு கிருமி நுழைய வழி உண்டு. பன்னீரைக் கட்டிப் பிழியும் துணி, உப்புநீர்த் தொட்டி, மேசைக் காலில் வெடித்த இரப்பர், எல்லாவற்றுக்கும் மேலாகத் தரையின் வடிகான். மோர் வழிந்து, எப்போதும் ஈரமாக, குளிராக இருக்கும் வடிகான் லிஸ்டீரியாவுக்குச் சொந்த வீடு. அங்கே அது வழுக்கலான படலமாக ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருக்கும். உயர் அழுத்தக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால், நுண்துளிகளாகக் கிளம்பி மேசைமேல் இருக்கும் சீஸில் போய் உட்காரும். ஆகவே சீஸில் தேடுவதைவிட வடிகானில் தேடுவது பயன் தரும். ஈரப்பஞ்சால் ஒரு சாண் இடத்தை அழுத்தித் துடைத்து அதே ஃபிரேசர் திரவத்தில் போட்டால் போதும். சீஸ் கட்டியில் ஊசியைத் தேடுவதற்குப் பதில், ஊசி செய்யும் பட்டறையையே கண்டுபிடிக்கிற வேலை அது.

அந்தப் பஞ்சு எங்கே போவது என்பதுதான் ஊவாவின் கேள்வி. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு மாதிரி எடுக்கும் அதிகாரம் உண்டு. மாதிரிகளைப் பார்க்கக் கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. கால்நடை நோய்களுக்குக் கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. பதுளையிலிருந்து காலையில் புறப்படும் ரயில் கொழும்பு போய்ச் சேர மாலையாகிவிடும். பனிக்கட்டி கரைந்து மாதிரி வழியில் சூடேறினால், இல்லாத எண்ணிக்கை கூடும், இருந்த கிருமி மற்றவற்றோடு போட்டியிட்டு மறையவும் கூடும். எடுத்த மாதிரியைக் குளிரிலேயே வைத்து ஒரு நாளைக்குள் ஆய்வைத் தொடங்குவதுதான் நல்ல வழக்கம். 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே, பசறை வீதியில் இருக்கிறது. விலங்கு விஞ்ஞானம் அங்கே பட்டப்படிப்பு. மாகாணசபையும் பால் கூட்டுறவுச் சங்கங்களும் அந்தப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வாரத்தில் ஒரு நாள் சிறு உற்பத்தியாளர்களின் பஞ்சுகளையும் பால் மாதிரிகளையும் குறைந்த கட்டணத்தில் ஏற்கும் ஒரு மேசையைத் திறந்தால் போதும். பத்துச் சீஸ்க்கூடங்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் கையில் கிடைக்க வேண்டும்.

ஒரு நிபந்தனை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும். வடிகானில் லிஸ்டீரியா கண்டதற்காகக் கூடத்தைப் பூட்டக் கூடாது. பூட்டினால் அடுத்த மாதம் யாரும் பஞ்சைக் கொண்டுவர மாட்டார்கள், அல்லது முதல் நாள் இரவு குளோரின் ஊற்றிக் கழுவிவிட்டுத் துடைத்துக்கொண்டு வருவார்கள். கண்டால் அன்றைய சீஸை நிறுத்திவைத்துச் சோதிக்கலாம், வடிகானைத் தூரிகையால் தேய்த்துப் படலத்தை உரித்துக் கிருமிநாசினி இடலாம், அடுத்தடுத்து மூன்று தடவை துடைத்துப் பார்த்து மூன்றிலும் இல்லை என்று வந்தபின் பழைய ஒழுங்குக்குத் திரும்பலாம். அதுவரை அந்தக் கூடத்தின் சீஸ், அடுப்பில் கொதித்துக் குமிழியிடும் பீட்சாவின் மேலே போகட்டும், சாலட்டில் வேண்டாம். கர்ப்பிணித் தாய்மாரைப் பொறுத்தவரை, எந்தக் கூடத்துச் சீஸாக இருந்தாலும், நன்றாகச் சூடாக்காத மென்சீஸ் வேண்டாம் என்ற ஒரு வரியைத் தோட்டக் கிளினிக்கில் மருத்துவிச்சி இன்றைக்கே சொல்லத் தொடங்கலாம். அதற்கு ஆய்வுகூடம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.